வண்டியில் இனி எடுக்க ஒன்றுமில்லை

வரதன் வீட்டு ஹாலில் ஃபேன் கிடையாது. ஃபேன் மாட்டும் கொக்கியில் ஒரு தொங்கு தராசை மாட்டி வைத்திருந்தார். நெமிலிச்சேரியில் மாடி வீடு, தலைக்கு மேலே வெறும் தளம், மே மாதத்தில் சுவரைத் தொட்டால் கை சுடும். மனைவி வடிவு ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். “சைக்கிளு தொங்கறதுக்கு வேற எடம் எங்க கீது?” என்றார். அதன் பிறகு அவள் சமையலறை வாசலில் ஒரு டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு உட்காரப் பழகிவிட்டாள்.

தராசில் தொங்கியது அவர்களுடைய ஒரே மகள் ஜெயப்பிரியாவின் சைக்கிள். மலைப்பாதைப் பந்தயத்துக்கான வண்டி. கல்லும் வேரும் பள்ளமுமாகக் கிடக்கும் பாதையில் சுற்றுச் சுற்றாக ஓட்ட வேண்டும். ஏற்றத்தில் யாருக்குச் சுமை குறைவோ அவர்கள்தான் முன்னே போவார்கள்.

அவள் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளியிலிருந்து ஒரு மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போனார்கள். யாரிடமோ கடன் வாங்கிய கனத்த கியர் சைக்கிளில் ஏறி, மற்ற பெண்கள் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் பின்தங்க, முதலாவதாக வந்தாள். சைக்கிள் சங்கத்தின் செயலாளர் உத்தமன் வரதனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “பொண்ணுக்கு உடம்பு வாகு இருக்கு சார். ஒழுங்கான வண்டி ஒன்னு இருந்துச்சுன்னா ஸ்டேட்ல மெடல் அடிப்பா. மெடல் வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வே வேலை.”

வரதன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில், உலோக அச்சுகள் செய்யும் டூல் ரூமில் ஃபிட்டர். காண்ட்ராக்டில் சேர்ந்து காண்ட்ராக்டிலேயே தலை நரைத்தவர். உத்தமன் சொன்ன அந்த நாலு வார்த்தையை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து அதன் மேலேயே குடியேறிவிட்டார்.

ஒழுங்கான வண்டி என்று கடையில் கேட்டால் அவரால் எட்ட முடியாத விலையில் எதையோ காட்டினார்கள். ஆகவே தானே சேர்த்தார். கார்பன் ஃப்ரேம் பெங்களூரில் ஒரு பந்தயக்காரர் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. இரண்டு விரலில் தூக்கலாம். சக்கரம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது, முன் ஃபோர்க் புனேயிலிருந்து. ஒவ்வொன்றையும் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார். முன்பக்கத்தில் இருந்த இரண்டு பல்சக்கரத்தில் ஒன்றைக் கழற்றினார். அதோடு அதன் கம்பியும் லீவரும் போயின. டயருக்குள்ளிருந்து டியூபை உருவிவிட்டு, ஓட்டையை அடைக்கும் பால் மாதிரி ஒரு பசையை ஊற்றினார். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் விரற்கடை அளவு அறுத்தார். சீட்டைத் தாங்கும் குழாயில், உள்ளே மறைந்து சும்மா கிடந்த நீளத்தை வெட்டினார். இரும்பு போல்ட்டெல்லாம் போய் டைட்டானியம் வந்தது. பிரேக் ஆயில் ஓடும் குழாயில் தொய்வாக இருந்த துண்டுகூட மிஞ்சவில்லை.

பாரம் தாங்கும் இடத்தில் மட்டும் கை வைக்க மாட்டார். அதில் அவருக்குப் பெரிய பயம். “மெட்டல இளைக்க வைக்கலாம் பாப்பா, ஆனா அதுக்கு ஒரு அளவு கீது. அதத் தாண்டுனா வெளிய ஒன்னுமே தெரியாது. உள்ள முடி மாதிரி ஒரு கோடு வுடும். அப்பால ஒரு நாள் பட்டுனு போயிடும்” என்பார். டூல் ரூமில் அப்படி எத்தனையோ துண்டுகளை அவர் பார்த்திருக்கிறார்.

ஜெயப்பிரியாவுக்குப் பத்தொன்பது வயது முடிந்த வாரத்தில் வண்டி ஒன்பது கிலோவுக்குக் கீழே இறங்கியது. தராசில் எண்கள் ஆடி ஆடி நின்றன. “வந்துட்சி” என்று சொல்லிவிட்டு வரதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியதை அவள் அன்றுதான் முதல் முறை பார்த்தாள். அவளுக்கும் நெஞ்சு நிறைந்தது. தனக்காக ஒரு மனிதர் இப்படி உட்கார்ந்து செய்திருக்கிறாரே என்று அன்றிரவு சாப்பிடும்போதும் நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டுத் தட்டில் அவள் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டபோதுதான் அவர் அதைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. யோசித்து, கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார்.

“வண்டில இனிமே எடுக்க ஒன்னும் இல்ல பாப்பா. இனிமே எடுக்கணும்னா உன்கிட்டதான் எடுக்கணும்.”

வடிவு கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். ஜெயப்பிரியா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவர் அடித்து மிரட்டியிருந்தால் அவளும் எதிர்த்து நின்றிருப்பாள். அம்மாவும் சண்டைக்கு வந்திருப்பாள். வரதன் அப்படிப்பட்டவர் இல்லை. மறுநாளிலிருந்து அவரும் ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டார். மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் சாப்பிட்ட அளவே சாப்பிட்டு, அவள் எழுந்தபோது எழுந்தார். டூல் ரூமில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற மனிதர், அரை வயிற்றோடு எதிரே உட்கார்ந்திருக்கும்போது இன்னும் கொஞ்சம் போடு என்று எந்த வாயால் கேட்பது? அவள் கேட்கவில்லை. தினமும் குளித்துவிட்டு வந்ததும் நிற்பதற்கு ஒரு தட்டுத் தராசும் வந்து சேர்ந்தது. அவர் குனிந்து பார்ப்பார். குறைந்திருந்தால் தலையைத் தடவுவார். குறையாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அந்த நாட்களில் அவர் படியிறங்கும் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும்.

விடியும் முன்பே ஓட்டம். இந்தப் பக்கத்தில் மலை ஏது? பட்டாபிராம் தாண்டினாலும் தட்டையான ஊர்தான். வெளிவட்டச் சாலையின் மேம்பாலம் ஒன்றுதான் ஏற்றம். அதில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கன்டெய்னர் லாரிகளின் காற்றில் வண்டி ஒருபக்கமாகச் சாய, அவள் ஓட்டினாள். பின்னாலேயே வரதன் மொபெட்டில் வருவார். அதன் விளக்கு வெளிச்சத்தில் அவளுடைய நிழல் நீளமாக முன்னே ஓடும். எவ்வளவு வேகமாக மிதித்தாலும் நிழல் முன்னாலும் நைனா பின்னாலும் அப்படியே இருந்தார்கள். சைக்கிள் முடிந்ததும் இறங்கி ஓட வேண்டும். ஓடினால் இன்னும் சீக்கிரம் இளைக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவள் பி.காம். படித்தாள். வடிவு கணவனுக்குத் தெரியாமல் பையில் இரண்டாவதாக ஒரு டப்பாவை வைக்க ஆரம்பித்திருந்தாள். பொடி தடவிய இட்லி, சில நாள் முட்டை. ஜெயப்பிரியா அதை அப்படியே காட்டுப்பாக்கத்துத் தோழி ஜெபிஷாவிடம் தள்ளிவிடுவாள்.

ஒரு மதியம் ஜெபிஷா டப்பாவைத் திருப்பித் தள்ளினாள். “எனக்கு எதுக்குடி ரெண்டு டப்பா? உங்கப்பா இங்க வந்து பாக்கப் போறாரா? ஒரே ஒரு இட்லி துன்னு. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்.”

ஜெயப்பிரியா ஒரு துண்டைக் கிள்ளி வாயருகே கொண்டுபோனாள். உள்ளே போகவில்லை. அப்பா அம்பத்தூரில் இருக்கிறார், இங்கே தராசு இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் கை இறங்கிவிட்டது. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. வீட்டில் அடைத்து வைத்தால் வெளியே வந்ததும் மூச்சு விடலாம். இது வெளியே வந்தபின்னும் கூடவே வந்தது. பஸ்ஸில் வந்தது, வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தது.

இன்னொரு நாள் ஜெபிஷா அவசரமாக நாப்கின் கேட்டாள். ஜெயப்பிரியா தன்னிடம் இல்லை என்றாள். எப்போதும் பையில் வைத்திருப்பவளிடம் இல்லாமல் போனதை ஜெபிஷா விடவில்லை. துருவித் துருவிக் கேட்டாள்.

“போன தீபாவளிலேர்ந்து வர்ல.”

“அடிப்பாவி. அது ஆவுதே அஞ்சு மாசம். உங்கம்மாகிட்ட சொன்னியா?”

“சொன்னா நிறுத்திடுவாங்க.”

“நிறுத்தட்டுமே.”

“நிறுத்துனா நைனா மூஞ்சிய யாரு பாக்கறது?” என்றாள் ஜெயப்பிரியா. ஜெபிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது, அந்த மத்தியான வெயிலிலும்.

ஆடி மாதத்தில் இடது முழங்காலுக்குக் கீழே வலி ஆரம்பித்தது. முதலில் ஓடும்போது மட்டும் வலித்தது, பிறகு படி ஏறும்போதும். அப்பா தைலம் தேய்த்துவிட்டார். ராத்திரி அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தார். காலை உதறிக்கொண்டு எழுந்து, வேண்டாம் நைனா, எதுவுமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கையில் டூல் ரூமின் கரிய எண்ணெய்க் கோடுகள் இருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தாள்.

அந்த மாதக் கடைசியில் ஏலகிரி மலையில் மாநிலப் போட்டி. வடிவு வரவில்லை, அவளை யாரும் கூப்பிடவும் இல்லை. அப்பாவும் மகளும் உத்தமனின் வேனில் போனார்கள்.

புறப்பட்டதும் நடந்ததை ஜெயப்பிரியா பிறகு யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. அந்த வண்டி உண்மையிலேயே பறந்தது. மேம்பாலத்தையே சுற்றிக்கொண்டு கிடந்த வண்டி, முதல் முறையாக மண்ணையும் வேரையும் தொட்டபோது உயிர் வந்த மாதிரி துள்ளியது. மற்றவர்கள் இறங்கித் தள்ளிய ஏற்றத்தில் அவள் உட்கார்ந்தபடியே ஏறினாள். பலாமரங்களுக்கு நடுவில் ஈரக்காற்று முகத்தில் அடித்தது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். மொபெட் இல்லை, விளக்கு இல்லை, ஒருவருமே இல்லை. முதல் சுற்று முடிந்தபோது அவள்தான் முன்னால். பந்தயக் கோட்டருகே அப்பா எதுவோ கத்தினார். அவளுக்குக் காதில் விழவில்லை, விழாததும் நன்றாகவே இருந்தது.

இரண்டாவது சுற்றின் ஏற்றத்தில் அவள் கண்ணுக்குப் பாதை ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. மரம் வெளுத்தது, மண் வெளுத்தது.  இறக்கத்தில் படிப்படியாகப் பாறை வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே தடுமாறி இடது காலைக் கீழே ஊன்றினாள். அவ்வளவுதான். யாரும் மோதவில்லை, உயரத்திலிருந்து விழவும் இல்லை. வெறுமனே காலை ஊன்றினாள், எலும்பு போய்விட்டது. சத்தம் அவளுக்கே கேட்டது.

வரதன் பாறைகளில் வழுக்கிக்கொண்டு ஓடிவந்தார். பக்கத்தில் மண்டியிட்டு, மூச்சு வாங்க, முதலில் கேட்டது இதுதான்:

“செயின் கழண்டுட்சா பாப்பா?”

வண்டியில் எங்கோ தப்பு நடந்திருக்க வேண்டும். வேறு விதமாக அவருக்கு யோசிக்கத் தெரியவில்லை. ஜெயப்பிரியா இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் மறுபடியும் கேட்டார். “அப்ப பிரேக்கா?”

“வண்டி நல்லாதான் கீது நைனா” என்றாள்.

அடிவாரத்தில் கட்டுப் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் ஆவடியில் ஓர் எலும்பு டாக்டர். நடுவயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். ஒரு கால் மட்டும்தான் உடைந்திருந்தது. ஆனால் அவர் இரண்டு காலையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஏன் என்று வரதன் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்.

படங்களை வெளிச்சப் பெட்டியில் செருகினார். இடது கால் யாருக்கும் புரியும்படி உடைந்திருந்தது. வலது கால் முழுசாக இருந்தது. வடிவு, “அப்பாடா, இது நல்லா கீது” என்றாள். டாக்டர் பேனாவை எடுத்து வலது காலைக் காட்ட வாய் திறப்பதற்குள் வரதன் எழுந்து பெட்டியருகே போய்விட்டார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, டூல் ரூமில் பார்ப்பது போலவே, மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். எலும்பின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு.

அவர் விரல் அந்தக் கோட்டின் மேலேயே நின்றது. டாக்டர் ஏதோ விளக்கத் தொடங்கினார். “தெரியுது மேடம்” என்றார் வரதன். 

டாக்டர் ஜெயப்பிரியாவிடம் திரும்பினார். “உன்கிட்ட சில கேள்வி கேக்கணும்மா. அப்பா வெளிய இருக்கட்டுமா?”

 “வேணாம். இங்கயே இருக்கட்டும்.”

மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார். “போன தீபாவளிக்கு முன்னாடி” என்று அவள் அப்பாவின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். அவர் திரும்பவில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு போதாமல் கிடந்தால் உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும், அப்புறம் எலும்பிலிருந்து எடுத்துத் தின்னும் என்றார். உன் வயசுக்கு இது பாட்டியின் எலும்பு என்றார்.

“எனக்குத் தெரியும் டாக்டர்” என்றாள் வடிவு திடீரென்று. “மாசா மாசம் கடையில வாங்கியாறவ நான்தான. வாங்கினது அப்டியே கெடந்துச்சு.”

 ஜெயப்பிரியாவுக்கு அதுவரை அப்பாவின் மேல்கூட வராத கோபம் அம்மாவின் மேல் வந்தது. தெரிந்திருக்கிறது. தெரிந்தும் டப்பாவில் இட்லி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்தக் கோபம் வெகு நாள் இருந்தது, இப்போதும் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

கால் கட்டோடு அவள் ஹாலில் கட்டிலில் கிடந்தாள். வெளியே போக வழியில்லை. மாடிப்படி செங்குத்தானது. மாநிலப் பந்தயத்தில் முதல் சுற்றில் முன்னணியில் வந்தவள் என்று சொல்லி உத்தமன் இரண்டு தடவை போன் செய்தார். அடுத்த வருஷத்துக்குத் தயார் ஆகிவிடுவாளா என்று கேட்டார். முன்பெல்லாம் அப்பா அவளுக்காகப் பதில் சொல்லுவார். இந்தத் தடவை, “பாப்பாவையே கேளு சார்” என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார். தெரியல சார் என்றாள் அவள். அது உண்மைதான், அவளுக்குத் தெரியவில்லை. பலாமரத்து ஈரக்காற்று நினைவுக்கு வந்தால் ஓட்டத் தோன்றியது. மேம்பாலம் நினைவுக்கு வந்தால் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாள்.

வரதன் மாறிப்போனார். மாறிப்போனதில்தான் அடுத்த தொல்லை தொடங்கியது. டாக்டர் சொன்னதையெல்லாம் வாங்கிக் குவித்தார். முட்டை, பால், பேரீச்சை, நேந்திரம்பழம், எள்ளுருண்டை. ஷிஃப்டை மாற்றிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார். பழையபடியே எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கை தட்டிலிருந்து வாய்க்குப் போவதைப் பார்த்தார். தொண்டை விழுங்குவதைப் பார்த்தார். “இன்னும் ஒரு கரண்டி பாப்பா. நைனாவுக்காக.” அவள் கூடச் சாப்பிட்டால் தலையைத் தடவினார். மிச்சம் வைத்தால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். படியிறங்கும் சத்தம் அதே மாதிரிக் கேட்டது.

இட்லி உள்ளே போகாத அந்த மதியம் போலவே கை பாதியில் இறங்கியது. இப்போது சோறு குவிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு மதியம் மீன் குழம்பு. வடிவு முள் எடுத்து வைத்திருந்தாள். ஜெயப்பிரியா பிசைந்தாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிசைந்த கை தட்டிலேயே நின்றது.

“நைனா, நீ பாக்காத.”

“இன்னாம்மா?”

“நான் துன்றத நீ பாக்காத. முன்ன கொறைச்சலா துன்னப்போ பாத்துகினு இருந்த. இப்ப ஜாஸ்தி துன்றப்போ பாக்கற. எனக்கு ரெண்டும் ஒன்னாதான் கீது.”

வரதன் மகளுக்கு நல்லது செய்யத்தானே என்று ஏதோ தொடங்கி, பாதியில் விட்டார். அவருக்குப் புரிந்ததா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எழுந்தார். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றார்.

“வெளிய போ நைனா. நீயும்மா. நான் கூப்புடறேன்.”

வடிவு டேபிள் ஃபேனை மகள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் துணி எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போனாள். வரதன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். அன்று அவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்பது யாருக்கும் தெரியாது. தட்டை அவளே எக்கி ஜன்னல் திண்டில் வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துவிட்டாள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டு வந்ததும் வரதன் தானாகவே எழுந்து வெளியே போய்விட்டார். வெயிலில், கைப்பிடிச் சுவரின் துளி நிழலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைக் கீழ் வீட்டு ஜெகதீசன் தினமும் பார்த்தார். ஒரு நாள் கேட்டே விட்டார்.

“இன்னா வரதா, ஊட்ல சண்டையா?”

“அதெல்லாம் இல்ல” என்றார் வரதன். “உள்ள பாப்பா சாப்புடுது.”